வெறும் மாஸ்டோடு போன கப்பல்

மூன்றாவது வரை படித்தவன் நான். நீலசந்திராவில் ஒற்றைத் தையல் மிஷினோடு ஆரம்பித்து எட்டு மிஷின் போட்டேன். கட்சிக் கொடி, கோயில் கொடி, ஸ்கூல் கொடி எதுவானாலும் கோவிந்தன் கடை என்றுதான் தேடி வருவார்கள். கடலே இல்லாத பெங்களூரில் கப்பலுக்குக் கொடி தைத்தவன் என்னைத் தவிர எவன் இருக்கிறான்?

அந்தக் கொடியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

காக்ஸ் டவுன் டேனியல் சார் கப்பலில் இன்ஜினியராக இருந்து ரிட்டயரானவர். தொண்ணூறுகளில் மங்களூரில் ஒரு பழைய சரக்குக் கப்பல் வாங்கி, தீவுகளுக்கு அரிசி, சிமெண்ட் ஏற்றும் சின்னக் கம்பெனி தொடங்கினார். கப்பல் கம்பெனிக்கென்று தனிக் கொடி உண்டு. தூரத்திலேயே யாருடைய கப்பல் என்று தெரியும். வெள்ளைத் துணி, நடுவில் நீல நங்கூரம் வைத்துத் தைக்க என்னிடம் வந்தார்.

"கோவிந்தா, காலம் பூரா அடுத்தவன் கொடிக்குக் கீழ வேலை பார்த்தேன்பா. இது என்னோடது" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சும்மா கொடுப்பேனா? நம்மூரில் கொடி ஏற்றினால் பூ கொட்ட வேண்டும். மடிப்புக்குள் ரோஜா இதழும் குங்குமமும் வைத்து, பஸ்ஸில் அவிழாதபடி இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

மங்களூரில் விடாத மழை. சார் கோட் போட்டு, குடும்பத்தோடு நின்றார். கொடி மூட்டை மாஸ்ட் என்கிற கப்பல் கொடிமரத்தின் உச்சிக்குப் போனது. கயிற்றை இழுத்தார். நனைந்த முடிச்சு அவிழவில்லை. மறுபடி இழுத்தார். தூத்துக்குடிக்காரக் கேப்டன் சிரித்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, கொடியா இது, கட்டுச்சோறா?"

இறக்கிக் கத்தியால் அறுத்தோம். அழுகிய இதழ் சொத்தென்று விழுந்தது. வெள்ளை முழுக்கக் குங்குமம் ஓடி, கசாப்புக் கடைத் துணி மாதிரி இருந்தது.

"மழை சார்..." என்றேன்.

"கப்பல் கொடின்னா நனையத்தானே செய்யும், கோவிந்தா."

அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மாற்றுக் கொடி கொண்டுபோகவில்லை. வெறும் மாஸ்டோடு கப்பல் கிளம்பியது. சல்யூட் அடிக்கத் தூக்கிய கையை, தலை சொறிவதுபோல சார் இறக்கிக்கொண்டார்.

அடுத்த பயணத்துக்குப் பூவும் பொட்டும் இல்லாமல், காற்றுக்குப் பறக்கிற லேசான துணியில் தைத்தேன். கப்பலை விற்கும்வரை அந்தத் துணியைத்தான் ஏற்றினார்கள். என் கண்ணில் நிற்பதோ அந்தக் கைதான்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, சரக்கு எங்கே போகிறது என்று கேட்டுவிட்டுத் தையுங்கள்.

சாரின் மகள் கம்பெனி வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார். 'கொடி பெங்களூரில் தைக்கப்பட்டது' என்று ஒரு வரி வருகிறதாம். போதாது. நீலசந்திரா கோவிந்தன் தைத்தது என்று போட வேண்டும். முதல் பயணம் கொடியில்லாமல் போனதும் அவனால்தான் என்று, அதே பெயருக்குக் கீழே போட வேண்டும்.