பாஸ் போட்டது நான்தான்

எழுபதுகளின் கடைசியில் நான் ஒரு மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு பிரிவு ஆசிரியை. படிப்பை முடித்த பயிற்சி டாக்டர்களைச் சில மாதங்கள் வெளியூர்களுக்கு அனுப்புவோம். சங்கரன்கோவிலில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி என் பொறுப்பில் இருந்தது. புதன்கிழமைதோறும் பஸ் ஏறிப் போவேன். நோட்டுகளைப் புரட்டி, கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவேன். அதைத்தான் சொல்லிக்கொடுப்பது என்று நினைத்திருந்தேன்.

அன்று நான் உள்ளே நுழைந்தபோது பிரசவ அறையிலிருந்து சத்தம் வந்தது. குருவிகுளம் பக்கத்திலிருந்து வந்த பெண், வயல்காட்டு வேலை செய்பவள், மூன்றாவது பிரசவம். குழந்தை பிறந்து அழுதுகொண்டிருந்தது. நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. மேஜையிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. பயிற்சி டாக்டர் கையுறை போட்ட இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றான். எங்கள் பாடத்தில் அந்த வருடத் தங்கப் பதக்கம் அவனுடையது.

"தள்ளுங்க சார்!" என்று நர்ஸம்மா அவனைத் தோளால் இடித்து ஒதுக்கினார். கடையநல்லூர்க்காரர், ஐம்பதை நெருங்கியவர். அந்தப் பெண்ணின் அடிவயிற்றில் கையை வைத்துக் கர்ப்பப்பையைப் பிடித்து அழுத்தித் தேய்த்தார். ஆயாவிடம் ஊசி மருந்தை எடுக்கச் சொன்னார். "ஏட்டி, கண்ண மூடாத. எம்மூஞ்சியப் பாரு. இன்னா, கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகுது பாரு, ரத்தம் நின்னுரும், அம்புட்டுதான்" என்று பேசிக்கொண்டே இருந்தார். நான் ஓடிப்போய்க் கை கொடுப்பதற்குள் ரத்தம் குறைந்துவிட்டது. அவள் பிழைத்தாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பையனை வராந்தாவில் எல்லார் முன்னிலையிலும் திட்டினேன். "இதுக்கா உனக்கு மெடல்?" என்று கத்தினேன். அவன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அழுகையோடு சொன்னான்: "மேடம், ரத்தம் போறதுக்குக் காரணம் எல்லாம் வரிசையாச் சொல்லுவேன். ஆனா ஒரு தடவகூட நான் கைய வச்சதில்ல. வார்டுல முப்பது பேர் நிப்போம். நீங்க பேஷண்டப் பாத்தீங்க. நாங்க உங்க முதுகத்தான் பாத்தோம்."

பெண்ணின் தாயார் சுவரோரம் பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, இந்தத் தம்பி பரீச்ச எழுதித்தான வந்திருக்காவ?"

"ஆமா."

"பாஸ் போட்டது யாரும்மா?"

அவனுக்கு மதிப்பெண் போட்டவள் நான். கேட்ட கேள்விக்கெல்லாம் தடங்கலில்லாமல் ஆங்கிலத்தில் பதில் சொன்னான் என்று மகிழ்ந்துபோய்ப் போட்டேன்.

அடுத்த வாரம் துறைக் கூட்டத்தில், ஆசிரியர்களாகிய நமக்கு முதலில் பயிற்சி வேண்டும் என்றேன். துறைத்தலைவர் சிரித்தார். "மீன் குஞ்சுக்கு நீந்தச் சொல்லிக்கொடுக்கணுமாம்மா? நான் இருபத்தஞ்சு வருஷமா பாடம் எடுக்கேன்."

"எடுத்தது தெரியும் சார். அதுல ஒண்ணாவது அந்தப் பையன் கைக்குப் போய்ச் சேரலையே" என்றேன்.

"அப்ப எங்களுக்கு வாத்தியார் யாரு? நீயா?"

"இல்ல சார். சங்கரன்கோவில் நர்ஸம்மா."

இந்த முறை எல்லாருமே சிரித்தார்கள். நான் விடவில்லை. ஐந்து மாதம் மனு எழுதினேன். கடைசியில், "என்னமோ பண்ணு, காலேஜுக்குள்ள வேண்டாம்" என்று அனுமதி கிடைத்தது.

ஏழு ஆசிரியர்கள் சங்கரன்கோவிலுக்கு வந்தார்கள். நடத்தப்போவது நர்ஸ் என்று தெரிந்ததும் இரண்டு பேர் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் முன்னால், வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி மேஜையில் வைத்தார் நர்ஸம்மா. அதுதான் கர்ப்பப்பை. இருந்ததில் மூத்தவரைப் பார்த்து, "சார், எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு நெனச்சுக்கிடுங்க. ரத்தம் போவுது. எனக்குச் சொல்லிக்குடுங்க" என்றார்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். விளக்கம், வகைகள், காரணங்கள். நர்ஸம்மா பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சார், அந்தப் பொம்பள இதுக்குள்ள செத்துருப்பா."

பெரியவர் முகம் சிவந்தது. எழுந்து வெளியே போனார். போகட்டும் என்று இருந்தேன். கால் மணி நேரம் கழித்து அவரே திரும்பி வந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "எங்க, என் கையப் பிடிச்சுக் காட்டுங்க சிஸ்டர்" என்றார். அன்று முழுவதும் ஒருவர் கையை இன்னொருவர் பிடித்துச் சொல்லிக்கொடுத்துப் பழகினோம். நான் ஆசிரியை ஆனது அன்றுதான், வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் கழித்து.

இது நல்லபடியாக முடிந்ததாக எழுத ஆசைதான். பயிற்சி வருடா வருடம் நடந்தது, கல்லூரிக்குள்ளும் வந்தது. ஆனால் அதைப் பற்றிய முதல் அறிக்கையில் துறைத்தலைவர் பெயர் மேலே இருந்தது, என் பெயர் அதற்குக் கீழே இருந்தது. நர்ஸம்மா பெயர் இல்லை. "பணியாளர் உதவியுடன்" என்று ஒரு வரி. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். என் பெயரையும் அடித்துவிட்டு அனுப்பினார்கள். அடுத்த வருடம் பயிற்சியைக் கல்லூரிக்கு மாற்றியபோது, நர்ஸுக்கு மேடையில் இடம் கொடுக்க விதி இல்லை என்றார்கள். நான் சங்கரன்கோவிலுக்குப் போய் அவரிடம் கொதித்தேன்.

"நீங்க ஏன் மேடம் ரத்தக் கொதிப்ப ஏத்துதீய?" என்றார். "படிக்கிற பிள்ளைக இப்பம் கைய வைக்குதுவளா இல்லையா? அதச் சொல்லுங்க."

வைக்கிறார்கள் என்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை, இன்றும்தான். எண்பதுகளின் கடைசியில் அவர் ஓய்வு பெற்றபோது கல்லூரியிலிருந்து ஒரு கடிதமாவது அனுப்பச் சொல்லி நான் எழுதிக்கொடுத்த தாளை, யாருக்கு என்றுகூடப் படிக்காமல் எழுத்தர் ஃபைலில் கோத்து வைத்தார்.