தாழ்ந்த கூரைக்குக் கீழே யார்?

மலையில் என்றோ விழப்போகிற பனியின் எடையை, சிட்னியின் பிப்ரவரி வெயிலில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கணக்கிடுவது என் தொழில். இதே பிழைப்பில் மாட்டிக்கொண்ட பொறியாளர்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

காற்று செய்த குற்றம்

சிட்னிப் புறநகர் கெல்லிவில்லில் கணினி வேலை பார்க்கும் மதுரைக்காரர் ராமநாதன், விடுமுறையில் குடும்பத்தோடு தங்க மலையில் பழைய விடுதி ஒன்றை வாங்கினார். அதன் தாழ்வான படுக்கையறையை ஒட்டி இரண்டு மாடி எழுப்ப ஆசை. மாடிக்கூரையில் விழும் பனியைக் காற்று தள்ளிக்கொண்டு வந்து தாழ்ந்த கூரையில் குவிக்கும், பழைய உத்தரம் அதைத் தாங்க வேண்டும் என்று படம் போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"தப்பு பண்றது காத்து. தண்டனை என் கூரைக்கா மேடம்?"

புதுப் பதிப்பு

பழைய உத்தரமே தாங்கும் என்று கணக்கு வந்தது. கையெழுத்துப் போட இருந்த வாரத்தில் கட்டட விதிப்புத்தகத்தின் புதுப் பதிப்பு வந்தது. அதன்படி பனிக்குவியல் பெரிது, உத்தரம் போதாது. ஆனால் பழைய விதிப்படி கையெழுத்திட இன்னும் சில வாரம் அவகாசம் இருந்தது. "நாப்பது வருஷமா நிக்குற கூரை, நீங்க புத்தகத்தை மாத்தினதும் விழுந்துடுமா?" என்றார் ராமநாதன். நாற்பது வருடமும் பக்கத்தில் மாடி இல்லையே என்றேன். காதில் ஏறவில்லை. என் கணக்குகளைச் சரிபார்க்கும் யாழ்ப்பாணத்து யோகன் அண்ணையிடம் போய் நின்றேன்.

"சட்டப்படி கையெழுத்து வைக்கலாம் பிள்ளை. கீழ ஆர் படுக்கினம் எண்டு மட்டும் கேட்டுப்போட்டு வையும்."

பிள்ளையார் அறை

ராமநாதனிடம் கேட்டேன். அவருடைய இரண்டு மகள்களும். உத்தரத்தை மாற்றாமல் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மனைவி மீனாட்சியையும் அழைத்துக்கொண்டு, தீர்வு கிடைத்த சந்தோஷத்தோடு வந்தார். பிள்ளைகளை மாடிக்கு மாற்றிவிட்டு, அந்த அறையைப் பூஜையறை ஆக்கப்போகிறாராம். "அங்க யாரும் படுக்க மாட்டாங்க மேடம். மேல விழுறதைப் பிள்ளையார் பாத்துக்குவார்." பிள்ளையாருக்கு எந்தப் பதிப்பிலும் விலக்கு இல்லை என்றேன். மனிதர் அசையவில்லை. அதுவரை வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்த மீனாட்சி நிமிர்ந்தார்.

"அங்க ரெண்டு வேளையும் விளக்கேத்தப்போறது யாருங்க?"

அந்த வாரமே ராமநாதன் உத்தரத்தை மாற்றச் சம்மதித்தார். என் பதினெட்டுப் பக்கக் கணக்கை இன்றுவரை அவர் திறந்து பார்க்கவில்லை என்று கேள்வி.