சாமிக்கு விட்ட கன்று

1950களின் கடைசியில், என் மூத்த பெண் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு ஜன்னி கண்டது. கண்கள் மேலே செருகிக்கொண்டன. அடி அண்ணாமலை கிராமத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றாலே மலை தெரியும். மாமியார் அங்கே ஓடி, மலையைப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணாமலையாரே, கொழந்த பொழைச்சா எங்க கன்னுக்குட்டிய உனக்கே விட்டுடறேன்!"

குழந்தை பிழைத்துவிட்டது. வீடு முழுக்கச் சந்தோஷம். ஆனால் எனக்கு மறுநாளே கவலை பிடித்துக்கொண்டது. எனக்குத் தாய்ப்பால் வற்றிப்போய், குழந்தை பசும்பாலில்தான் வளர்ந்தது. எங்களுக்கு இருந்ததோ ஒரே கறவை. அதுவும் பிடிவாதக்காரி. கன்று வந்து மடியை முட்டினால்தான் பால் சுரப்பாள். சற்று நேரம் மடியில் வாய் வைத்து ஊட்டவிட்டு, பிறகு கன்றை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் கறக்க முடியும். கன்று போய்விட்டால் பாலுக்கு எங்கே போவது? குழந்தை பிழைக்க வேண்டிக்கொண்டு, அதன் பாலையே கொடுத்துவிடுவது என்ன நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. கணவரிடம் கேட்டேன்.

"அம்மாவ கேளு" என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

"சாமிக்குச் சொன்னத தள்ளிப்போடக் கூடாதும்மா" என்று மாமியார் முடித்துவிட்டார்.

கன்றை ஓட்டிக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தோம். உள்ளே நுழைந்ததும் ஒரு குரங்கு மாமியார் கையிலிருந்த வாழைப்பழத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது. அவர் சிரித்தபடி கும்பிட்டார். வீட்டில் ஓட்டின்மேல் குரங்கு ஏறினால் கல்லால் அடிக்கிறவரும் அவர்தான். யானை தும்பிக்கையைக் குழந்தையின் தலையில் வைத்தது. குழந்தை அலறியது. எல்லோரும் "நல்லது, நல்லது" என்றார்கள்.

குருக்கள் கன்றின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, கழுத்தில் மாலை போட்டார். அவ்வளவுதான், யார் யாரோ வந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முதல்நாள் என் புடவைத் தலைப்பை மென்றதற்காக அதன் முதுகில் ஒன்று வைத்திருந்தேன். இப்போது அதைக் கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதிக் கும்பிடு போட்டேன்.

கோயில் மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் கோசாலைக்காரர் கன்றைத் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, இது இன்னும் ஊட்டுற கன்னாச்சே. ஆத்தா இல்லாம இங்க எப்படிப் பொழைக்கும்? வூட்டுக்கே ஓட்டிக்கினு போங்க. பால் மறந்தப்புறம் கொண்டாந்து விடுங்க. ஆனா ஒண்ணு, இனிமே இது சாமி கன்னு."

எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. வழியெல்லாம் மனசுக்குள் கோசாலைக்காரரை வாழ்த்திக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலையில் மாமியார் செம்போடு உட்கார்ந்தார். கன்று ஊட்டத் தொடங்கியது. மடியில் பால் இறங்கிவிட்டது. அவர் இழுக்கவில்லை.

"இழுங்க அத்தை."

"சாமி சாப்பிடுதுடி. வாயிலேர்ந்து எப்படிப் புடுங்கறது?"

கன்று கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, வாயில் நுரையோடு எங்களைப் பார்த்தது. குழந்தைக்குக் கஞ்சி கொடுத்தேன். கக்கிவிட்டது. அதற்கடுத்த நாளும் அதே கதைதான். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிய பால் அரை வயிற்றுக்குக்கூடக் காணவில்லை. கன்று கொழுகொழுவென்று ஆனது. என் பெண் வாடிப்போனாள். கணவரிடம் கன்றை இழுத்துக் கட்டச் சொன்னேன். "அம்மாவ கேளு" என்றார்.

ஒரு காலையில் குழந்தையின் அழுகையில் சத்தமே வரவில்லை. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ.

"அத்தை, நீங்க வேண்டிக்கிட்டது கொழந்தைக்கா, கன்னுக்கா?"

நானே இழுத்துவிடலாம் என்று கயிற்றில் கை வைத்தேன். உடனே குழந்தையின் செருகிய கண்கள் ஞாபகம் வந்தன. கையை எடுத்துவிட்டேன். அது பக்தியா பயமா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

மாமியார் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டென்று எழுந்தார். இரண்டு கன்னங்களிலும் பட்பட்டென்று போட்டுக்கொண்டார்.

"மன்னிச்சிக்கோ சாமி. உனக்கு ஊரே பால் ஊத்தும். இதுக்கு யாரு இருக்கா?"

கன்றை இழுத்துக் கட்டினார். கறந்த பாலைக் காய்ச்சி ஆற்றி, பாலாடைச் சங்கில் நான் புகட்டப் புகட்ட, குழந்தை மூச்சுவிடாமல் குடித்தது. நான் அழுதுகொண்டே புகட்டினேன்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். முதலில் கன்னத்தில் போட்டுக்கொள்வது, பிறகு கன்றை இழுப்பது. என் இடுப்பில் உட்கார்ந்து குழந்தை அதை வேடிக்கை பார்க்கும்.

கன்று பால் மறந்தபோது என் பெண் தத்தித்தத்தி நடக்க ஆரம்பித்திருந்தாள். மறுபடியும் கோயிலுக்குப் போனோம். மாமியார் கயிற்றைக் கோசாலைக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் கும்பிட்டார். வாங்கியவர் கன்றை உள்ளே நடத்தப் பார்த்தார். என் விரலைப் பிடித்திருந்தவள் அதை விட்டுவிட்டு ஓடினாள். கன்றின் முன்னால் நின்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். பிறகு கயிற்றை இரண்டு கையாலும் பற்றி, எங்கள் பக்கமாக இழுத்தாள்.

கோசாலைக்காரர் சிரித்துவிட்டார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கன்று எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றது. நானும்தான்.