மூன்று டம்ளர் திராட்சை ரசம்

நான் பஸ்ஸில் வாந்தி எடுக்கும் வீடியோவை தேவிகாபுரத்தில் பார்க்காதவர்கள் குறைவு. அதில் என் முகம் தெளிவாகத் தெரியும். "பொம்பளைங்களும் ஆரம்பிச்சிட்டாங்கடா" என்று கண்டக்டர் சொல்வது அதைவிடத் தெளிவாகக் கேட்கும்.

அப்போது ஆரணியில் ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனைக்கு நின்றேன். தை மாதக் கல்யாணங்களுக்குப் புடவை எடுக்க மார்கழியிலேயே கூட்டம் வந்துவிடும். அன்று மத்தியானம் சாப்பிட உட்காரக்கூட நேரமில்லை. கூட்டம் ஓய்ந்ததும், கூட வேலை செய்த தோழி தன் பிறந்தநாள் என்று ஒரு கேக்கும் ஒரு பாட்டிலும் வாங்கி வந்தாள். வருஷக் கடைசியில் பேக்கரிகளில் விற்பார்களே, அந்தத் திராட்சை ரசம். லேபிளில் கொட்டை எழுத்தில் 'ஆல்கஹால் இல்லாதது' என்று போட்டு, பக்கத்தில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. மற்றவர்கள் புளிக்கிறது என்று ஒரு வாயோடு வைத்துவிட்டார்கள். நான் பசியில் மூன்று டம்ளர் குடித்தேன்.

பஸ் ஆரணியைத் தாண்டும் முன்பே தலை சுற்றியது. பேசினால் நாக்கு குழறியது. பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். அப்புறம் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லாரும் பார்த்தாயிற்று.

மறுநாள் கடைக்குப் போனபோது முதலாளியிடமும் வீடியோ இருந்தது. "கல்யாணப் புடவை விக்கிற கடைம்மா இது. நீ கொஞ்ச நாள் வராதே" என்றார். வீட்டில் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். "ஜூஸ்தாம்பா குடிச்சேன்" என்று நான் சொன்னதை, குடிகாரர்கள் எல்லாரும் சொல்கிற பொய்யாக எடுத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் தோழி போன் செய்தாள். "அடியே, மீதிப் பாட்டிலைத் திறந்து மோந்து பாத்தேன். சாராயக் கடை மாதிரி குப்புனு அடிக்குது."

அந்தப் பாட்டிலோடு இருவரும் மதுவிலக்குப் போலீஸிடம் போனோம். "ஜூஸுன்னு போட்டிருக்கே, இதுல நாங்க இன்னா பண்றது? உணவுப் பாதுகாப்பு அதிகாரிகிட்ட போங்க" என்றார்கள். அந்த அதிகாரி பாட்டிலை முகர்ந்துவிட்டு, "சாராயம்னா போலீஸ் கேஸும்மா" என்றார்.

"சார், லேபிள்ல ஜூஸு, உள்ள சாராயம். அப்ப இது யார் கேஸு? நீங்களே சொல்லுங்க, அங்க போறோம். சொல்ற வரைக்கும் நான் எழுந்துக்க மாட்டேன்."

அவர் கெட்டவர் இல்லை. "இந்த மாதிரி கேஸ் நான் இதுவரைக்கும் போட்டதில்ல" என்று உண்மையைச் சொன்னார். "நீங்க திறந்த பாட்டில் செல்லாது. நீங்களே எதையோ ஊத்தினீங்கன்னு பேக்கரிக்காரன் சொல்லுவான். சீல் உடைக்காத பாட்டிலைக் கடையில நான்தான் எடுக்கணும்."

"அப்ப வாங்க சார், ஜல்தி. புது வருஷம் வந்தா எல்லாம் வித்துடும்."

வந்தார். பேக்கரி அலமாரியில் இருந்து பாட்டில்களை எடுத்து, அரக்கு வைத்து முத்திரையிட்டார். சாட்சிக் கையெழுத்துக்கு அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் யாரும் வரவில்லை. தோழிதான் போட்டாள், தன் வேலையும் போகும் என்று தெரிந்தே. பேக்கரிக்காரர் வாசலுக்கு வந்து, தெருவே கேட்கும்படி என்னிடம் கத்தினார்.

"உன்னை யாரு மூணு டம்ளர் குடிக்கச் சொன்னது?"

"உங்க லேபிள்தான் சொல்லிச்சி. கொழந்தைங்களே குடிக்கலாம்னு படம் போட்டுகினு இருக்கீங்களே!"

பரிசோதனை அறிக்கை வந்தது. உள்ளே இருந்தது ஒயின். திருவண்ணாமலை கலெக்டர் அலுவலகத்தில் விசாரணை. சமரசம் பேச யார் யாரோ வீட்டுக்கு வந்தார்கள். "பொண்ணுக்குக் கல்யாணம் ஆகணும், எதுக்கு இந்த பேஜார்?" என்றார்கள். அம்மா அவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினாள். என்னைப் போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விசாரணையில் பேக்கரிக்காரர், "திராட்சை தானா புளிச்சிடுச்சிங்க, எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார். விசாரித்த அதிகாரி லேபிளைப் பார்த்தபடியே, "தெரியாதுன்னா, இல்லைன்னு எப்படி அச்சடிச்சீங்க?" என்று கேட்டார். அபராதம் போட்டார்கள். மிச்சம் இருந்த பாட்டில்களை அழிக்க உத்தரவானது. பேக்கரி மூடப்படவில்லை. இன்றும் அங்கே கூட்டம்தான்.

தீர்ப்பைக் கேள்விப்பட்ட முதலாளி என்னைப் போனில் கூப்பிட்டார். "வாம்மா. அந்த ஆர்டர் காப்பி ஒண்ணு கொண்டா. யாராவது கேட்டா காட்டிக்கலாம்."

"காகிதத்தைக் காட்டித்தான் நான் உங்க கடையில நிக்கணும்னா, வேணாங்க" என்று வைத்துவிட்டேன். வேறு கடையில் சேர்ந்தேன். ஒரு மாதம் கழித்துத் தோழியும் அங்கே வந்துவிட்டாள்.

அதே பஸ்ஸில்தான் போய்வந்தேன். சாயந்திர டிரிப்பில் யாராவது ஒருவர் போதையில் அடுத்தவர் தோளில் சாய்ந்து தூங்குவார். சிலர் ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுப்பார்கள். ஒருவரும் போனை எடுத்ததில்லை. கண்டக்டர் அவர்களை நிறுத்தம் வந்ததும் தட்டி எழுப்பி, கையைப் பிடித்து இறக்கிவிடுவார்.

ஒருநாள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, டீக்கடையில் அப்பாவின் குரல் கேட்டது. பல மாதம் கழித்து அவர் தலைநிமிர்ந்து பேசிக்கொண்டிருந்தார். "எம் பொண்ணு தெரியாமதான் குடிச்சிது. கவர்மெண்டே சொல்லிடுச்சி. இப்ப இன்னா சொல்றீங்க?"

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"தெரிஞ்சி குடிச்சிருந்தா, நான் உன் பொண்ணு இல்லியாப்பா?"

அப்பா டீ கிளாஸை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். இன்றுவரை பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியை நானும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.