மணிக்கட்டும் என் காதும்

கும்மிடிப்பூண்டி ஃபவுண்டரியில் எனக்கு வேலை, உருக்கி வார்த்த இரும்பு காஸ்டிங்கைச் சின்னச் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பது. கணீர் என்றால் லாரியில் ஏறும். டொக்கென்றால் உள்ளே விரிசல், மறுபடி உலைக்குப் போகும். பதினோரு வருடமாக இந்தக் காதை வைத்துத்தான் சோறு. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அந்த மாதம் எல்லோருக்கும் காது பரிசோதனை என்றார்கள். தேறாதவனை லோடிங்குக்கு மாற்றிவிடுவார்களாம். டிவி சத்தத்துக்காக வீட்டில் தினமும் சண்டை நடந்தும், புதுவாயல் ஷேர் ஆட்டோவில் எதையும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தும், நான் கவலைப்படவில்லை.

புதிதாக வந்த பிளான்ட் ஹெட் அப்போதுதான் ஷெட்டுக்குப் பின்னால் வலை கட்டி, மதியச் சாப்பாடு முடிந்ததும் கோல்ஃப் அடிக்க ஆரம்பித்தார். இந்த வெயிலில் ஏன் இந்த வேண்டாத வேலை என்று முதலில் சிரித்தேன். பிறகு டிபன் டப்பாவோடு தினமும் அங்கேயே போய் உட்கார்ந்தேன். அதே ஆள், அதே மட்டை. பத்துப் பந்தில் ஒன்றுதான் சுத்தமாகப் போகிறது. மற்ற ஒன்பதுக்கும் என்ன கேடு?

ஒரு வாரத்தில் பிடிபட்டது. மட்டை இறங்கும்போது வலது மணிக்கட்டு பின்னால் மடிந்திருக்க வேண்டும். பந்தைத் தொடும்வரை அந்த மடிப்பு அவிழக் கூடாது. கை முன்னே போக, மட்டை பின்னால் வர வேண்டும். இவரோ பந்தைத் தூக்கிவிடும் ஆசையில் முன்கூட்டியே மணிக்கட்டை உதறிவிடுவார். மட்டை முதலில் தரையைக் கொத்தும், அப்புறம்தான் பந்து.

பந்து வலைக்குப் போவதற்குள் நல்லது கெட்டது சொல்ல ஆரம்பித்தேன். எப்படித் தெரிகிறது என்று அசந்துபோய்க் கேட்டார்.

"சத்தம்தான் சார். நல்லா பட்டா ஒரு சத்தம், தரைல பட்டா ரெண்டு. நான் சாப்ட்டுக்கினே சொல்லிடுவேன்."

ஒருநாள் மட்டையை என் கையில் கொடுத்தார். அடித்தேன். பந்தைத் தொட்டதுமே கை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டது. காஸ்டிங்கில் அப்படித்தான் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓசை அமுங்கிவிடும். பந்து நாலடி உருண்டு நின்றது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு அடிக்கத்தான் வராது, கேட்க வரும் என்றேன். அப்படியானால் திரும்பி நின்று சொல் பார்ப்போம் என்றார்.

அவருக்கு முதுகைக் காட்டி, கைகட்டி நின்றேன். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை.

"நான் ரெடி சார், அடிங்க."

அவர் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"மூணு பந்து அடிச்சிட்டேன்ப்பா. உன்னக் கூப்பிட்டும் பாத்தேன்."

கம்ப்ரஸர் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் கம்ப்ரஸர் ஓடாது. இத்தனை நாளும் அவருடைய மணிக்கட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு, காதால் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. காஸ்டிங்கில் பார்ப்பதற்கு மணிக்கட்டு கிடையாது.

"சார், காலைல நான் ஓகே போட்ட காஸ்டிங் லாட்டு இன்னும் லாரி ஏறல," என்றேன். "வேற ஆள வெச்சி மறுபடியும் தட்டிப் பாக்கச் சொல்லுங்க."