கண்ணாயி அத்தையின் ஈரச் சாக்கு

பேருந்து சோளக்காடு ஊரைத் தாண்டி மலை இறங்கத் தொடங்கியதும் கண்ணாயி அத்தை கண்ணை மூடிக்கொள்வாள். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து அடிவாரம் வந்த பிறகுதான் திறப்பாள். மிக்ஸியில் சட்னி அரைக்கும்போதுகூட ஒரு கை சுவிட்சிலேயே இருக்கும். ஜீப் டிரைவரின் மனைவி இப்படி இருந்தால் ஊர் சும்மா விடுமா? "நீ ஹாரன் அடிச்சா மொதல்ல ஓடி ஒளியறது உன்ற பொண்டாட்டிதான்" என்று கருப்பண்ணன் மாமாவைச் சீண்டுவார்கள்.

மலைமேல் பைல் நாட்டுப் பகுதியில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து ஆட்களையும் மிளகு மூட்டைகளையும் செம்மேட்டுக்குக் கொண்டுபோனது அவருடைய ஜீப்தான். மூன்று வருடத்துக்கு முன் ஓர் அடைமழையில் அவருக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. ஜீப் வாசலில் நின்றது. அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் உள்ளே நினைவில்லாமல் கிடந்தார். கட்டிலோடு தூக்கிக்கொண்டு சேற்றில் தார் ரோடு வரை நடந்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர முடிந்தது.

பக்கவாதம் மறுபடியும் வரலாம், பேச்சு குழறினால் உடனே கூட்டி வாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அத்தை அவரை அடிக்கடி பேச வைத்துப் பார்ப்பாள்.

"ஏனுங்க, உங்க பேரு என்னங்க?"

"கவர்னரு. போ, போய் வேலையைப் பாரு."

வார்த்தை தெளிவாக வந்தால் போதும், போய்விடுவாள்.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு இந்தச் சித்திரையில் திரும்பியபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "அங்கெல்லாம் வண்டி ஓட்டுனியா கண்ணு?" என்பதுதான்.

"ஓட்டுனேன் அத்தை."

"அப்ப நம்ம ஜீப்பை எடு. எனக்கும் சொல்லிக் குடு. மழைக்குள்ள அவருக்கு மறுபடி வந்துச்சுன்னா..."

செம்மேட்டிலிருந்து மெக்கானிக் யுவராஜ் வந்தார். கொட்டகையில் மிளகு மூட்டைகளை விலக்கி, பழைய டீசலை வடித்து, புது பேட்டரி மாட்டினார். ஏர் ஃபில்டருக்குள் எலி குடும்பமே நடத்தியிருந்தது. அதைக் கழற்றி வெளியே வைத்தார்; இஞ்சின் காற்று இழுக்கும் குழாயின் வாய் திறந்து கிடந்தது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்து, "அட, மேல வரைக்கும் நிக்குது" என்று சந்தோஷமாகத் திரும்பச் செருகினார்.

"சாவி நாந்தான் போடுவேன்" என்றார் மாமா. இரண்டு பேராகத் தூக்கி ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தோம்.

இஞ்சின் இருமியது. அடங்கியது. மறுபடி இருமிப் பிடித்துக்கொண்டது. மாமா சிரித்தார். அப்போது சத்தம் ஏறத் தொடங்கியது. ஆக்சிலேட்டரில் யாரும் கால் வைக்கவில்லை. ஏறிக்கொண்டே போனது. மாமா சாவியைத் திருப்பினார், நிற்கவில்லை. உருவியே எடுத்துவிட்டார், அப்போதும் நிற்கவில்லை. வெள்ளைப் புகை கொட்டகையை அடைத்தது. தகரக் கூரை நடுங்கியது. யுவராஜ் டீசல் குழாயைப் பிடுங்கினார். அதற்கும் அது அடங்கவில்லை.

"வெடிச்சுரும்! வெளிய ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

மாமாவால் இறங்க முடியாது. அது வாசலுக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

மிளகு நாற்றின் மேல் போட்டிருந்த ஈரச் சாக்கை உருவிக்கொண்டு அத்தை எங்களைத் தாண்டி உள்ளே ஓடினாள். தீப்பிடித்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். புகைக்குள் மாமாவின் குரல் மட்டும் கேட்டது. "தொறந்து கெடக்குது பாரு குழாய், அது வாயை அடை புள்ள! கைய உட்றாத!"

கதறும் இஞ்சின் மேல் குனிந்து சாக்கை மடித்து அமுக்கினாள். குழாய் சாக்கை உறிஞ்சி இழுத்தது. அவள் விடவில்லை. வண்டி மொத்தமும் ஒரு முறை குலுங்கி அடங்கியது.

"ஏனுங்க... உங்க பேரு என்னங்க?"

"கருப்பண்ணன்" என்றார் மாமா, முழுதாக.

புகை கலைந்த பிறகு யுவராஜ் ஆயிலை இறக்கினார். வாளி நிரம்பி, இன்னொரு வாளியும் கேட்டது. "இவ்வளவு ஊத்தினா அது ஆயிலையே குடிச்சுட்டு ஓடும். யாரு ஊத்துனது?"

அத்தை தரையைப் பார்த்தாள். "ஆயில் வத்துனா வண்டி செத்துரும்னு இவருதான சொல்லுவாரு. அமாவாசைக்கு அமாவாசை கொஞ்சம் ஊத்துனேன்."

"எனக்குச் சோறு ஊட்டுன கையோட அதுக்கும் ஊட்டியிருக்கறா" என்றார் மாமா.

மறுநாள் எல்லாவற்றையும் துடைத்து, அளவாக ஆயில் விட்டு, யுவராஜ் தயாரானார். மாமாவை ஏற்ற அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. சாக்கை நனைத்து என் கையில் கொடுத்தாள். "அந்த வாய்கிட்டயே நில்லு கண்ணு." அவளே ஏறி உட்கார்ந்தாள். பேருந்தில் மூடுவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

இஞ்சின் பிடித்தது. சீராக ஓடியது. எனக்குச் சாக்கிலிருந்து தண்ணீர் முழங்கை வழியே ஒழுகிக்கொண்டிருந்தது.

"நிக்குமாங்க?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"திருப்பிப் பாரு" என்றார் மாமா.

திருப்பினாள். நின்றது. அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். கொஞ்ச நேரம் சாவியையே பார்த்தாள். பிறகு திறந்த கண்ணோடு மறுபடி திருப்பினாள்.