பிரதம விருந்தினரின் முழங்கால்

என் கணவர் தலைவராக இருக்கும் விளையாட்டுக் கழகத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு பற்றி எரிகிறது. அந்தப் போட்டி நடந்த மைதானத்தை பஸ்ஸில் கடக்கும்போதுகூட முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்கிறேன். ஒரு மனிதனுக்குப் பொன்னாடை போர்த்தி அவனுடைய பிழைப்பைக் கெடுத்த கூட்டம் அது.

அந்த மனிதன் ஓர் ஆங்கிலேயன், பந்தாட்டக்காரன். இத்தாலியில் நாங்கள் வாழும் பலேர்மோவுக்கு வெளியே இருக்கும் சின்னக் கழகம் ஒன்றுக்கு விளையாட வந்திருந்தான். கழகம் அவனுக்கு ஒரேத்தோ வீதியில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு எடுத்துக் கொடுத்தது. துப்புரவாக்கவும் சமைக்கவும் என்னைப் பிடித்தது. இந்த ஊரில் நான் எத்தனையோ வீடுகளில் வேலை செய்துவிட்டேன். எல்லா வீட்டிலும் நான்தான் மற்றவர்களைச் சிஞ்ஞோரா, அம்மணி, என்று மரியாதையாகக் கூப்பிடுவேன். இவன் முதல் நாளே என்னைச் சிஞ்ஞோரா என்றான். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், நான் ஐம்பதைத் தாண்டியவள்.

எனக்குப் பந்தைப் பற்றி ஒரு கோதாரியும் தெரியாது. நான் வெங்காயம் வெட்ட வெட்ட அவன் குசினிக் கதிரையில் இருந்து தன் கதையைச் சொல்வான். அவனுடைய இத்தாலியமும் அரைகுறை, என்னுடைய ஆங்கிலமும் அரைகுறை. இரண்டையும் சேர்த்து எனக்கு விளங்கியதைத்தான் எழுதுகிறேன். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு கழகத்தில் சேர்ந்து பெரிய ஆட்டக்காரர்களின் சப்பாத்தைத் துடைத்திருக்கிறான். பிறகு இங்கிலாந்தில் மழையும் சேறுமாகக் கிடக்கும் ஊர் ஊராக ஆடினான். ஒரு கழகம் அவனை இன்னொரு கழகத்துக்கு இரவல் கொடுக்குமாம். ஆறு மாதம் அங்கே, ஒரு வருடம் இங்கே. இரவல் கொடுக்க நீ என்ன தேங்காய் துருவும் திருவலையா என்று கேட்க வாய் உன்னியது. திருவலைக்கு ஆங்கிலம் தெரியாததால் விட்டுவிட்டேன்.

அவனுடைய இடம் பின்னால், கோலுக்கு முன்னால். வருகிற ஆளை மறிப்பது, வருகிற பந்தைத் தலையால் அடித்துத் திருப்புவது, இதுதான் தொழில். அந்தத் தொழிலில் மூக்கு உடைந்து கோணலாகப் பொருந்தியிருந்தது. "நான் மறித்தால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள், சிஞ்ஞோரா. ஒன்றைத் தவறவிட்டால்தான் பேப்பரில் பெயர் வரும்" என்றான். ஒரு தடவை தவறுதலாகத் தன் பக்கத்துக் கோலுக்குள்ளேயே பந்தைப் போட்டிருக்கிறான். அந்த ஊரில் அவனை ஞாபகம் வைத்திருப்பவர்கள் அந்த ஒன்றுக்காகத்தான் வைத்திருக்கிறார்களாம். எனக்கு இது புதிதா என்ன? வருடக்கணக்காக நான் துடைத்த தரையை ஒருவரும் பார்த்ததில்லை. மூலையில் ஒரு மயிர் கிடந்தால் மட்டும் கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

ஆட்டக் காலம் முடிகிற நேரம் அவன் மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்கத் தொடங்கினான். லிப்ட் எப்போதும் பழுது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரி, ஒவ்வொரு படியாக இறங்குவான். வலது முழங்கால் பனங்காய் போல வீங்கியிருந்தது. உறையவைத்த பட்டாணிப் பையை அதன்மேல் வைத்துக் கட்டிக்கொண்டு, "யாருக்கும் சொல்லவேண்டாம்" என்றான். இன்னும் ஒரு வருடம் ஆடினால் அதன்பிறகு இளைஞர் அணியைப் பயிற்றுவிக்கும் வேலையைத் தருவதாகக் கழகம் சொல்லியிருந்தது. ஆனால் ஒப்பந்தம் எழுதுவதற்கு முன் கழக வைத்தியர் சோதிப்பார். அவன் இரகசியமாக வேறொரு வைத்தியரிடம் காட்டினான். கோடை முழுவதும் காலுக்கு ஓய்வு கொடுத்தால் சோதனையில் தப்பலாம், பந்தைத் தொட்டால் கதை முடிந்தது என்று அவர் சொல்லிவிட்டார். வேறு தொழில் தெரியாத மனிதன். அந்த முழங்காலில்தான் அவனுடைய மிச்ச வாழ்க்கை முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் அவனுக்கு மஞ்சளும் உப்பும் வறுத்துப் பத்துப் போட்டேன். கட்டில் விரிப்பெல்லாம் மஞ்சளானது. வீக்கமும் மெல்ல வடியத் தொடங்கியது. கடவுளே என்று நல்லாய் வந்துகொண்டிருந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் நுழைந்தார்.

இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களின் கழகம் கோடையில் வருடாவருடம் ஒரு போட்டி வைக்கும். இவர் ஒரு தட்டத்தில் பழம், குங்குமம், அழைப்பிதழ் எல்லாம் வைத்துக்கொண்டு, நான் நிலம் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டுக்கு வந்து நின்றார். பிரதம விருந்தினராக வரவேண்டுமாம். எனக்கு முன்கூட்டியே ஒரு சொல் சொல்லவில்லை. என் மரியாதைக்காக அவன் உடனே தலையாட்டிவிட்டான். கப்பைக் கையில் தூக்கிக் கொடுத்தால் போதும் என்று நினைத்திருப்பான், பாவி.

வீட்டுக்கு வந்ததும் தொடங்கினேன்.

"உங்களுக்கு விசரே? அந்தப் பெடியனை ஏன் இழுக்கிறியள்?"

"ஏன், வந்தால் தேய்ஞ்சு போவானோ?"

காலைப் பற்றிச் சொல்லமுடியாது. வேலை செய்கிற வீட்டில் கண்டது வாசலைத் தாண்டக் கூடாது. இந்த ஊரில் எங்கள் ஆட்களை நம்பி வீட்டுத் திறப்பைக் கொடுப்பதே அந்தப் பெயருக்காகத்தான். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டேன். எங்கள் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. பிரதம விருந்தினர் முதல் பந்தை உதைத்துத்தான் ஆட்டம் தொடங்கும். அவர் உதைத்த பந்து கோலுக்குள் போயே ஆகவேண்டும். விருந்தினருக்கு வெட்கம் வரக் கூடாது என்று கோலைக் காக்கிற கோலி வேண்டுமென்றே மற்றப் பக்கம் பாய்வான். கடை முதலாளி வந்தாலும் கோல், தள்ளாத வயதுப் பாதிரியார் வந்தாலும் கோல்.

"இந்தமுறை அந்த விளையாட்டு வேண்டாம். அவன் பந்திலை காலே வைக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

"ஏன்?"

"ஏனெண்டு கேக்காதேங்கோ."

"சரியப்பா, சரி. சத்தியமாய்."

அடுத்த கிழமை பல்லரோச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போனால், எங்கள் ஆட்களின் கடைக் கண்ணாடியெல்லாம் அவன் முகம். ரோசாப்பூ வளையத்துக்குள் போட்டு, கீழே 'இங்கிலாந்தின் கோல் மன்னன்' என்று எழுதியிருந்தார்கள். தக்காளிப் பையோடு வீட்டுக்கு ஓடினேன்.

"ஆருக்கப்பா காது குத்துறியள்? அவன் கோல் போடுறவன் இல்லை, கோல் விழாமல் மறிக்கிறவன்!"

"மறிக்கிறவனைப் பாக்க ஆர் வருவினம்?" என்றார்.

ஒரு பிழை செய்த முகம்கூட இல்லை. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். அந்தக் கோப்பையைப் பிடுங்கி எறிந்திருக்கவேண்டும்.

போட்டியன்று நல்ல வெயில். நான் மற்றப் பெண்களோடு ஒரு பக்கத்தில் றோல்ஸும் வடையும் சுட்டு விற்றுக்கொண்டிருந்தேன். அவன் வெள்ளைச் சேட்டுப் போட்டு, கால் நொண்டுவது தெரியாமல் கவனமாக நடந்து வந்தான். குத்துவிளக்கு ஏற்றினான். மாலை விழுந்தது, பொன்னாடை விழுந்தது. என் வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்தால் சும்மாவே விடமாட்டார். அன்றைக்குக் கேட்கவேண்டுமா?

"இப்பொழுது நமது கோல் மன்னன் தனது பொற்பாதங்களால் ஒரு பெனால்டி அடித்து இந்தப் போட்டியை ஆரம்பித்து வைப்பார்!"

பொற்பாதங்களாம்! என் கையிலிருந்த கரண்டி எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்தது. சனம் கைதட்டி விசிலடித்தது. யாரோ பந்தைக் கொண்டுவந்து புள்ளியில் வைத்துவிட்டான். என் வீட்டுக்காரர் கோலியிடம் போய்க் காதுக்குள் ஏதோ சொன்னதையும் கண்டேன். "நோ! நோ!" என்று கத்திக்கொண்டு கூட்டத்தைத் தள்ளி ஓடினேன். அவன் என்னைப் பார்த்தான். தலையைத் தலையை ஆட்டினேன். அவன் மாலையையும் பொன்னாடையையும் கழற்றி என் கையில் தந்தான்.

"ஒன்றே ஒன்று, சிஞ்ஞோரா."

முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கன்னத்தில் ஒன்று விடவேண்டும் போல இருந்தது எனக்கு.

இரண்டடி பின்னால் போய், வந்து, இடது காலால் அடித்தான். கோலி அழகாக வலப்பக்கம் பாய, பந்து இடது மூலைக்குள் போனது. சனம் வானம் அதிரக் கத்தியது. அவன் ஒரு கையை உயர்த்தியபடி நின்றான். அடிக்கும்போது ஊன்றிய வலது காலை இப்போது நிலத்தில் வைக்காமல் நின்றான். அதை நான் மட்டும்தான் பார்த்தேன். நான் கிட்டப் போவதற்கிடையில் எங்கள் வீரர்கள் அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். சுற்றி முடித்து, பொத்தென்று கீழே விட்டார்கள். அந்தக் காலில்தான் விழுந்தான். முழங்கால் பக்கவாட்டில் மடங்கியது.

உதையில் போனதா, இவர்கள் போட்டதில் போனதா, ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியவும் தேவையில்லை. இரண்டும் ஒரே ஆட்கள் செய்த வேலை. அம்புலன்ஸ் வந்தபோது பொன்னாடையை அவன் தலைக்கு அணையாக வைத்தேன். அது ஒன்றுக்குத்தான் அந்தப் பொன்னாடை உதவியது.

"நான் என்ன செய்யிறது? சனம் கேட்டது" என்றார் என் வீட்டுக்காரர்.

"சனம் கேட்டால் கிணத்துக்குள்ளை குதிப்பியளோ? சத்தியம் பண்ணின வாயே அது?"

ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. சோற்றைப் போட்டு மேசையில் வைப்பேன், போய்விடுவேன். அதற்கிடையில் இவருடைய கழகத்தினர் வீடியோவை வெட்டி ஒட்டி பேஸ்புக்கில் போட்டார்கள். பாட்டு, மாலை, கோல், தோளில் தூக்கியது, எல்லாம் இருந்தது. விழுந்தது மட்டும் இல்லை. வெட்கம் கெட்டதுகள்.

அவனுடைய கழகமாவது மனிதர்களாக நடந்துகொண்டதா? சத்திரசிகிச்சை முடிந்து அவன் ஊன்றுகோலோடு வந்த கிழமையே, ஒப்பந்தம் இல்லை, வீட்டைக் காலி செய் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டைச் சரிபார்க்க ஒருவன் வந்தான். பயிற்சி வேலை என்னாயிற்று என்று நான் கேட்டேன். ஆடாதவனுக்கு என்ன பயிற்சி வேலை என்று தோளைக் குலுக்கினான். பிறகு மஞ்சள் படிந்த விரிப்பைத் தூக்கிப் பிடித்து மூக்கைச் சுளித்தான். மனிதன் கால் போய்க் கிடக்கிறான், உனக்கு விரிப்பா பெரிசு என்று தமிழிலேயே கிழித்துவிட்டேன். அவனுக்கு மொழி விளங்காவிட்டாலும் சுருதி விளங்கியிருக்கும். மறுபேச்சில்லாமல் போய்விட்டான்.

அந்தச் சனிக்கிழமை பல்லரோவில் அந்தக் கோலியைக் கண்டேன். அவன் அங்கே மீன் கடையில் வேலை செய்கிறவன். எனக்கு வாள்மீன் வெட்டிக்கொண்டே மெல்லிய குரலில் சொன்னான்:

"அக்கா, நான் அண்டைக்கு மறிக்கத்தான் நிண்டனான். உண்மையான ஆட்டக்காரன் வாறான், ஒருக்கால் மறிச்சுப் பாப்பம் எண்டு. தலைவர் வந்து காதுக்குள்ளை மரியாதை, மரியாதை எண்டார். அது பெலமில்லாத அடி, அக்கா. கால் ஊண்ட ஏலாதவன் அடிச்சது. கண்ணை மூடிக்கொண்டு பிடிச்சிருப்பன்."

"இதை வேறை ஆருக்கும் சொன்னனியே?"

"இல்லை."

"சொன்னியோ, உந்தக் கத்தியாலேயே உன்ரை நாக்கை அறுப்பன்."

அவன் பயந்துபோய் எனக்கு ஒரு துண்டு கூடுதலாகப் போட்டுத் தந்தான்.

ஆங்கிலேயன் புறப்படுகிற நாள் பெட்டி அடுக்க நான் போனேன். குசினிக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதே வீடியோ. எனக்கு ஆத்திரம் உச்சிக்கு ஏறியது. அவனுடைய சப்பாத்துகளைப் பெட்டிக்குள் எறிந்தேன்.

"ஏன் அடித்தாய்? வேண்டாம் என்று நான் தலையாட்டினேன்தானே? பார்த்தாய்தானே?"

அவன் போனைக் கீழே வைத்தான்.

"பதினாறு வயதிலிருந்து ஆடுகிறேன், சிஞ்ஞோரா. ஒருவரும் ஒருநாளும் என்னை ஒரு பெனால்டி அடிக்கச் சொன்னதில்லை. ஒருமுறை ஆட்டம் சமனாகி ஆளுக்கொன்றாகப் பெனால்டி அடித்தபோது, அடுத்தது நீதான் என்று சொன்னார்கள். என் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. உன் கணவர்தான் முதன்முதலாகக் கேட்டார்."

நான் எறிந்த சப்பாத்துகளை எடுத்துப் பெட்டிக்குள் ஒழுங்காக அடுக்கினேன்.

"அந்தக் கோலி கெட்டிக்காரன்" என்றான். "பாய்ச்சலைப் பார். அவனையும் ஏமாற்றி மூலைக்குள் போட்டேன். நல்ல கோல்தானே?"

உண்மை என் நுனிநாக்கில் நின்றது. வாயில் வந்ததை அடக்கத் தெரியாதவள் என்று ஊரெல்லாம் பெயரெடுத்தவள் நான்.

"நல்ல கோல்" என்றேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் இறங்க, அவன் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கி, கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டாக இறங்கி வந்தான். டாக்சியில் ஏறியபின் கண்ணாடியை இறக்கி, "உன் கணவருக்கு என் நன்றியைச் சொல்லு, மறக்காதே" என்றான்.

வீட்டுக்குப் போனபோது இவர் வாசலிலேயே நின்றார்.

"என்னவாம்? என்னைப் பற்றி ஏதும் சொன்னவனோ?"

"ஒண்டும் சொல்லேல்லை" என்று சொல்லிவிட்டு உலையை வைத்தேன். அந்த நன்றியை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.